பாபி ஜோன்ஸும் அவர் கற்ற பாடங்களும்

ஒரு வித்தையைக் கற்றுத் தேற விழைவோர்க்கு இரண்டு வேண்டும் என்பர் பெரியோர். ஒன்று நல்லாசிரியர், மற்றொன்று இடையறாத அப்பியாசம். இவ்விரண்டும் வாய்த்திருந்தும் பாதி வழியில் நின்றுவிடும் மாணவரை நாம் வகுப்பிலும் காண்கிறோம். விளையாட்டு மைதானத்திலும் காண்கிறோம். அவர்களிடம் குறைவது யாது என ஆராய்வோர்க்கு, அமெரிக்க தேசத்துக் கோல்ப் ஆட்டக்காரராகிய பாபி ஜோன்ஸ் என்பாரின் சரித்திரம் பெரிதும் துணைசெய்யும். அவர் காலமாகி அரை நூற்றாண்டிற்கு மேலாகிறது. பணம் பெற்று ஆடாது, படிப்பிற்கும் தொழிலுக்கும் இடையே கிடைத்த ஓய்வில் ஆடியே உலகப் புகழ் பெற்றவர் அவர். ஆயினும் அப்புகழ் எளிதில் வந்ததன்று. கை நன்றாகப் பழகிய பின்னரும் ஏழாண்டுகள் அவர் தோல்வியையே கண்டார். அதன் காரணத்தையும், அதனை அவர் நீக்கிக்கொண்ட வகையையும் கூறுவதே நம் நோக்கம்.

இவ்வாட்டத்தை அறியாதார் பொருட்டு ஒன்றிரண்டு சொல்லுதல் நலம். உதகமண்டலத்திலும் கொடைக்கானலிலும் பரந்த புல்வெளிகளில் சிலர் நீண்ட மட்டைகளைக் கொண்டு சிறிய வெள்ளைப் பந்தை அடித்துச் செல்வதை நம்மில் பலர் கண்டிருக்கலாம். அவ்வெளியில் பதினெட்டுக் குழிகள் உண்டு. ஒவ்வொன்றின் வாயும் நாலேகால் அங்குல அகலமே உடையது. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய பசும்புல் திடலும், வழியில் மணற்பள்ளமும் நீர்நிலையும் புதரும் இருக்கும். மிகக் குறைந்த அடிகளில் பந்தைப் பதினெட்டுக் குழிகளிலும் சேர்ப்பவரே வென்றவர். தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் இக்குழியை இத்தனை அடிகளில் முடித்தல் வேண்டும் என ஒரு நியமக் கணக்கும் உண்டு; அதனைப் பார் என்பர்.

கிரிக்கெட்டிலும் டென்னிசிலும் எதிரி செலுத்தும் பந்தையே நாம் அடிக்கின்றோம். கோல்ப் ஆட்டத்திலோ பந்து அசையாது கிடக்கிறது. எதிரி நம் பந்தைத் தொடுவதில்லை. எனவே தவறு நேர்ந்தால் பழியை ஏற்றப் பிறர் எவரும் இலர். அடி பிழைத்தவனுக்குத் தன்மேல்தான் கோபம் பிறக்கும். அக்கோபம் அடுத்த அடியையும் கெடுக்கும். ஆகவே முன்கோபிகளுக்கு இதனினும் கொடிய ஆட்டம் வேறில்லை. நம் கதாநாயகரோ சிறு பிராயத்தில் பெரிய முன்கோபியாய் இருந்தார்.

ராபர்ட் டயர் ஜோன்ஸ் என்பது அவருடைய முழுப்பெயர். 1902-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 17-ஆம் தேதி ஜார்ஜியா மாகாணத்து அட்லாண்டா நகரில் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். குழந்தை மிகவும் நோஞ்சான். உண்ட உணவு செரிக்காமல் வருந்தியது. பிழைக்குமோ என்று பெற்றோர் ஐயுற்ற நாள்களும் உண்டு. நல்ல காற்றை நாடி அவர்கள் கோடைக்காலங்களில் நகரத்திற்கு வெளியேயுள்ள ஈஸ்ட் லேக் என்னுமிடத்தில் தங்கலாயினர். அவ்வீட்டின் அருகே கோல்ப் மைதானம் ஒன்று இருந்தது. யாரோ ஒருவர் கொடுத்த பழைய மட்டையைக் குட்டையாக அறுத்து வைத்துக்கொண்டு ஐந்து வயதுச் சிறுவர் தெருவில் பந்தடிக்கத் தொடங்கினார்.

ஈஸ்ட் லேக் மைதானத்தில் ஆட்டம் பயிற்றுவிக்கும் ஆசிரியராக ஸ்டூவர்ட் மெய்டன் என்பவர் அமர்ந்திருந்தார். அவர் ஸ்காத்லாந்து தேசத்துக் கார்னூஸ்டி என்னும் ஊரினர். குறுகிய உருவமும் மிகக் குறைந்த பேச்சும் உடையவர். பாபி அவரிடம் முறையாக அமர்ந்து பாடம் கேட்டாரல்லர். அவர் ஆடும்போதெல்லாம் ஐந்தாறு குழிகள் வரை பின்தொடர்ந்து சென்று வாய்திறவாது பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு வீட்டிற்கு ஓடிவந்து, தொப்பி நிறையப் பழைய பந்துகளை எடுத்துக்கொண்டு, அருகிலுள்ள பசுந்திடலில் தாம் கண்டதைத் தாமே செய்துபார்ப்பார். தொப்பிப் பந்துகள் அத்தனையும் தீர்ந்தபின் பொறுக்கிக்கொண்டு மீண்டும் தொடங்குவார். இங்ஙனம் பல கோடைகள் கழிந்தன. ஆசிரியரின் நிற்கும் நிலை, மட்டையை ஓங்கும் விதம், உடல் திரும்பும் பாங்கு யாவும் மாணவரிடம் அப்படியே படிந்தன. தொலைவில் நின்று பார்த்தவர், ஆடுபவர் மெய்டனே என மயங்கியதும் உண்டு. ஒன்பதாம் வயதில் தம்மினும் பல வயது மூத்த இளைஞரை வென்று தம் கழகத்துச் சிறுவர் பந்தயத்தில் வாகை சூடினார்.

1913-ஆம் வருஷம் இங்கிலாந்திலிருந்து ஹாரி வார்டன் என்னும் மகா நிபுணர் தம் தோழர் டெட் ரேயுடன் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்து ஈஸ்ட் லேக்கிலும் ஆடினார். பதினொரு வயதுப் பாபி கூட்டத்தோடு கூட்டமாக நடந்து அவ்வாட்டத்தைக் கண்டார். ரே வானளாவப் பந்தை அடித்து யாவரையும் வியக்க வைத்தார். வார்டனோ வியப்பிற்குரியது எதனையும் செய்தாரில்லை. குழிக்குக் குழி நியமக் கணக்கின்படியே அமைதியாக முடித்துச் சென்றார். தம் எதிரியை அவர் நோக்கியதாகவே தோன்றவில்லை. பாரோடு மட்டுமே போரிடுபவனை எதிரியின் நல்லடி கலக்குவதில்லை என்னும் உண்மை சிறுவரின் உள்ளத்தில் மங்கலாகப் பட்டது. அவ்வயதிலேயே ஒருநாள், உடன் ஆடும் நண்பரை மறந்து தம் கணக்கிலேயே கருத்தாய் ஆடி, பதினெட்டுக் குழிகளையும் 80 அடிகளில் முடித்தார். அதனைக் குறித்த சீட்டைத் தந்தையாரிடம் ஓடிச்சென்று காட்டினார். ஆயினும் அன்று கண்ட உண்மையை அவர் விரைவில் மறந்தார். அதனை மறுபடி கற்கப் பத்தாண்டுகள் சென்றன.

1916-ஆம் வருஷம் பதினான்கு வயதில் ஜார்ஜியா மாகாணப் பந்தயத்தில் வென்று, பிலடெல்பியா நகரை அடுத்த மெரியன் மைதானத்தில் நடந்த தேசிய அமெச்சூர் பந்தயத்திற்குச் சென்றார். அத்தனை இளையவரை அங்கு ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. கால் இறுதிச் சுற்று வரை முன்னேறினார். பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின. அடிக்கும் திறமையில் அப்போதே அவருக்குக் குறையில்லை என்று கண்டவர் கூறினர். குறை வேறிடத்தில் இருந்தது. அடி பிழைத்தால் மட்டையை வீசி எறிவார், தரையில் அறைவார், கடுஞ்சொல் கூறுவார். முதல் உலக யுத்த காலத்தில் செஞ்சிலுவைச் சங்கத்திற்குப் பொருளுதவி திரட்டும் பொருட்டு இளைஞர் சிலர் ஊர்தோறும் ஆடி வந்தனர். பாஸ்டன் நகரருகே நடந்த அத்தகைய ஆட்டமொன்றில் பாபி சினங்கொண்டு மட்டையையும் பந்தையும் கூட்டத்தின் எதிரே வீசியெறிந்தார். அவருடன் ஆடிய அலெக்ஸா ஸ்டெர்லிங் என்னும் நங்கை, அவருடைய பால்ய சிநேகிதியும் அக்காலத்து அமெரிக்கப் பெண்களுள் தலைசிறந்த ஆட்டக்காரியும் ஆவார். அவர் நாணித் தலைகுனிந்தார். அதனைக் கண்டும் பாபி முற்றிலும் திருந்தவில்லை.

1920-ஆம் வருஷம் அமெரிக்க ஓப்பன் என்னும் பொதுப் பந்தயத்தில் அவர் ஐம்பது வயது வார்டனுடனேயே ஜோடியாக ஆடும் பேறு பெற்றார். ஓரிடத்தில் பாபி எளியதோர் அடியைப் பிழைத்துப் பந்தைத் திடலுக்கு அப்பால் ஓட்டிவிட்டார். வெட்கத்தை மறைக்க எண்ணி, இதனினும் மோசமான அடியைத் தாங்கள் கண்டதுண்டோ என்று முதியவரை வினவினார். இல்லை என்னும் ஒரே சொல்லைக் கூறிவிட்டு வார்டன் நடந்தார். வேறு பேச்சு அன்று நிகழவில்லை.

அடுத்த வருஷம் பெரிய அவமானம் நேர்ந்தது. கோல்ப் ஆட்டத்தின் தாயகமெனக் கருதப்படும் ஸ்காத்லாந்துச் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பிரிட்டிஷ் ஓப்பன் பந்தயம் நடந்தது. மூன்றாம் சுற்றின் முதல் ஒன்பது குழிகளுக்குப் பாபி 46 அடிகள் செலவிட்டார். பத்தாம் குழியிலும் கணக்கு மிகுந்தது. பதினோராம் குழியில் பந்து மணற்பள்ளத்தில் வீழ்ந்தது. அடித்து அடித்துப் பார்த்தும் வெளியேறவில்லை. அவர் சினம் மேலிட்டுப் பந்தை எடுத்துப் பையிற் போட்டுக்கொண்டு பந்தயத்தைக் கைவிட்டார். தோற்பது இழிவன்று, நடுவில் விட்டுச் செல்வதே இழிவு என்பது அவ்வூரார் கொள்கை. அவர்கள் முகம் சுளித்தனர். அவ்வாண்டே அமெரிக்காவில் அவர் எறிந்த மட்டை ஒரு பெண்மணியின் காலிற் பட்டது. கோபத்தை அடக்கக் கற்றாலன்றி இனி நம் பந்தயங்களில் இடமில்லை என்று ஐக்கிய அமெரிக்கக் கோல்ப் சங்கம் அவருக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை விடுத்தது. அப்போது அவருக்கு வயது பத்தொன்பது.

கை பழகுவது போலவே மனமும் பழக வேண்டும் என்பதை அவர் இப்போது உணர்ந்தார். இளமையில் வளையாதது பின்னர் வளையாது என்பர். இவரோ வாலிபராகிய பின்னரும் தம் சுபாவத்தை வளைக்கத் துணிந்தார். ஒரே நாளில் அது நிகழ்ந்துவிடவில்லை. உள்ளே கொதிப்பு இருந்துகொண்டேயிருந்தது; பந்தய வாரங்களில் உணவு இறங்காது உடல் மெலிவார். ஆயினும் கொதிப்பு வெளியே வாராமலும் அடுத்த அடியைத் தொடாமலும் காக்கப் பழகினார். ஒரு சுற்றில் மூன்று தவறுகளேனும் நேர்ந்தே தீரும் என முன்னரே எண்ணிக்கொண்டவன் முதல் தவற்றிற்கே நிலைகுலையான். அம்மனப்பான்மையையே அவர் மேற்கொள்ளலானார். பதினொரு வயதில் வார்டனிடம் கண்ட உண்மை இப்போதுதான் கைகூடிற்று.

இதற்கிடையே அவர் படிப்பைக் கைவிடவில்லை என்பதை நம் மாணவர் கவனித்தல் வேண்டும். 1922-ஆம் வருஷம் ஜார்ஜியா தொழிற்கலாசாலையில் இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்றார். பின்னர் ஹார்வர்ட் சர்வகலாசாலையில் ஆங்கில இலக்கியம் பயின்று 1924-இல் தேறினார். முன்னரே வேறொரு கலாசாலைக்காக ஆடியவராதலின் ஹார்வர்டின் கோல்ப் கோஷ்டியில் அவருக்கு விதிப்படி இடமில்லை. தேசத்தின் சிறந்த ஆட்டக்காரருள் ஒருவராகிய அவர் அக்கோஷ்டியின் துணை மானேஜராக இருந்து பணியாற்றினார். பிற்காலத்தில் எமரி சர்வகலாசாலையில் சட்டமும் படித்து வழக்கறிஞரானார்.

1923-ஆம் வருஷம் நியூயார்க் அருகேயுள்ள இன்வுட் மைதானத்தில் அமெரிக்க ஓப்பன் பந்தயம் நடந்தது. வெற்றி கைக்கு எட்டியிருந்த வேளையில் பாபி கடைசி மூன்று குழிகளிலும் தடுமாறினார். பாபி குருயிக்‌ஷாங்க் என்பவர் அவரோடு சமமானார். மறுநாள் இருவரும் மீண்டும் ஆடினர்; பதினேழு குழிகள் முடிந்தும் சமமே. பதினெட்டாம் குழியில் அவருடைய பந்து புல்லற்ற தளர்ந்த மண்ணில் கிடந்தது. பசுந்திடல் ஏறக்குறைய 190 கஜ தூரம். அதன் முன்னே நீர். பழைய பாபி அவ்விடத்தில் கலங்கியிருப்பார். அன்று அவர் தயங்காது மட்டையை எடுத்து அடித்தார். பந்து நீரைக் கடந்து குழிக்கு மிக அருகே சென்று நின்றது. ஏழாண்டுப் பஞ்சம் அவ்வோரடியில் நீங்கிற்று.

வென்ற பின்னரும் அவர் பாடம் கேட்பதை விட்டாரல்லர். ஆட்டம் கெட்டபோதெல்லாம் மெய்டனையே நாடினார். அவ்வாசான் நீண்ட உபதேசம் செய்ததில்லை. மாணவர் நாலைந்து பந்துகள் அடிப்பதைப் பார்ப்பார், குறையை ஒரே வாக்கியத்தில் சுட்டுவார், போய்விடுவார். ஒருமுறை பாபி மட்டையை ஓங்கும்போதே மிகவும் விரைந்தார். மெய்டன் அதனைக் கண்டு, ஓங்கும்போதே பந்தை அடித்துவிட்டால் என்ன என்று ஏளனமாகக் கேட்டு அப்பாற் சென்றார். அதுவே போதுமாயிருந்தது.

குழியருகே பந்தை மெல்ல உருட்டும் வித்தையில் வால்டர் டிராவிஸ் என்னும் முதியவர் கைதேர்ந்தவர். முப்பது வயது கடந்த பின்னரே மட்டையைத் தொட்டு, தம் முயற்சியாலேயே இரு தேசங்களின் அமெச்சூர் பட்டங்களையும் பெற்றவர் அவர். 1916-இல் அவர் பாபிக்குப் பாடஞ்சொல்ல இசைந்தார். குறித்த நேரத்திற்குப் பிள்ளை வந்து சேரவில்லை. முதியவர் சினந்து மறுத்துவிட்டார். எட்டாண்டுகள் கழித்து, 1924-இல், அப்பாடம் கிடைத்தது. பாதங்களைக் குதிகால் தொடுமளவு நெருக்கி வைத்து நிற்கும்படியும், மட்டையைப் பிடிக்கும் விதத்தை மாற்றும்படியும் டிராவிஸ் கற்பித்தார். பாபி அதனைப் பன்முறை பழகித் தமதாக்கிக்கொண்டார். அவ்வாண்டே மெரியனில் தேசிய அமெச்சூர் பட்டம் பெற்றார்.

அவருடைய அப்பியாச முறை பலர் எண்ணுவது போன்றதன்று. நாள் முழுவதும் பந்துகளை அடித்துத் தள்ளுவதில் அவருக்கு விருப்பமில்லை. குளிர்காலத்தில் வாரக்கணக்காக மட்டையைத் தொடாமலும் இருப்பார். எக்குறை இருக்கிறதென்று தெரிந்த பின்னரே அதனை நீக்கும் பொருட்டுப் பழகுவார், நீங்கியதும் நிறுத்துவார். குறையறியாது ஆயிரம் முறை அடிப்பவன் அக்குறையையே ஆயிரம் முறை பழகுகின்றான் என்பது இதனால் நாம் அறியத்தக்கது.

1925-ஆம் வருஷம் வூஸ்டர் நகரில் நடந்த அமெரிக்க ஓப்பன் பந்தயத்தில் அவருடைய மனப்பயிற்சிக்குச் சோதனை வந்தது. முதற் சுற்றின் பதினோராம் குழியில், புல்லில் கிடந்த பந்தை அடிக்க அவர் மட்டையை வைத்தபோது பந்து இம்மியளவு அசைந்தது. அவரைத் தவிர ஒருவரும் காணவில்லை. அவரே நடுவரிடம் சென்று தமக்கு ஓரடி தண்டம் விதிக்கும்படி கூறினார். நடுவர்கள் விசாரித்து, கண்டவர் ஒருவருமில்லையாதலால் முடிவை அவரிடமே விட்டனர். அவர் தண்டத்தை ஏற்றார். பந்தய முடிவில் அவரும் வில்லி மக்பார்லேனும் சமமாயினர். அவ்வோரடி சேராதிருந்தால் பட்டம் அவருடையதே. மீண்டும் ஆடியதில் அவர் தோற்றார். அச்செய்கையைப் பலர் புகழ்ந்தபோது அவர் வருந்தினார். திருடாதிருந்தமைக்காக ஒருவனைப் புகழ்வது எத்தகையதோ அத்தகையதே இப்புகழ்ச்சியும் என்பது அவர் கருத்து. நான்காண்டுகளுக்கு முன் ஒரு மணற்பள்ளத்தில் பொறுமையிழந்தவர் இவரே என்பதை நாம் நினைவிற் கொள்வோமாக.

1926-இல் இங்கிலாந்துச் சன்னிங்டேல் மைதானத்தில் நடந்த தகுதிச் சுற்றொன்றை அவர் 66 அடிகளில் முடித்தார். முற்பாதிக்கு 33, பிற்பாதிக்கு 33. உருட்டியவை 33, பிற அடிகள் 33. அவ்வாண்டே பிரிட்டிஷ், அமெரிக்க ஓப்பன் பட்டங்கள் இரண்டையும் பெற்றார். 1927-இல் பிரிட்டிஷ் ஓப்பன் பந்தயம் மீண்டும் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகருக்கு வந்தது. தாம் கைவிட்டுச் சென்ற அந்நிலத்திலேயே 285 அடிகளில் முடித்து, ஆறடி வித்தியாசத்தில் வென்றார். வெற்றிக் கிண்ணத்தை அவ்வூர்க் கழகத்தின் பாதுகாப்பிலேயே விட்டுச்செல்ல இசைந்தார். ஒரு காலத்தில் முகம் சுளித்தவர் அவரைத் தோளில் தூக்கிச் சென்றனர்.

1930-ஆம் வருஷம் அவர் புகழின் உச்சி. செயின்ட் ஆண்ட்ரூஸில் பிரிட்டிஷ் அமெச்சூர், ஹாய்லேக்கில் பிரிட்டிஷ் ஓப்பன், மின்னசோட்டா மாகாணத்து இன்டர்லாகனில் அமெரிக்க ஓப்பன், மெரியனில் அமெரிக்க அமெச்சூர் ஆகிய நான்கு பெரும் பட்டங்களையும் ஒரே ஆண்டில் கைக்கொண்டார். அவருக்கு முன்னும் பின்னும் அந்நான்கையும் ஓராண்டில் வென்றவர் இலர். 1923 முதல் 1930 வரை அவர் பெற்ற பெரும் பட்டங்கள் 13. பதினான்கு வயதுச் சிறுவராய் வந்து கோபத்தால் குன்றிய மெரியனிலேயே அவருடைய கடைசிப் பெருவெற்றி நிகழ்ந்தது. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில், 28-ஆம் வயதில், பந்தயங்களிலிருந்து விலகிவிட்டதாக அறிவித்தார்.

கற்றவர் இனிக் கற்பிக்கலானார். 1931-இல் வார்னர் சகோதரர் கம்பெனியார் அவரைக்கொண்டு கோல்ப் பாடங்களைப் பன்னிரண்டு சிறு சலனப் படங்களாக எடுத்தனர். ஆசிரியர் இல்லாத ஊரினரும் திரையில் அவர் மட்டை ஓங்குவதைப் பார்த்துத் தாமே பழகலாயினர். மெய்டனைப் பின்தொடர்ந்து பார்த்தே கற்ற சிறுவர் பிறர்க்கு அவ்வழியையே திறந்துவைத்தது பொருத்தமன்றோ! பின்னர் அகஸ்டா நகரில், பழைய செடி வளர்ப்புத் தோட்டமாயிருந்த நிலத்தில், அலிஸ்டர் மக்கன்சி என்னும் நிபுணரோடு சேர்ந்து புதிய மைதானம் ஒன்றை அமைத்தார். 1934 முதல் அங்கு நடைபெறும் பந்தயமே மாஸ்டர்ஸ் எனப் புகழ் பெற்றது.

முடிவில் மிகக் கொடிய சோதனை வந்தது. முதுகுத் தண்டைப் பற்றும் அரியதொரு நோயால் அவர் 1948-க்குப் பின் மட்டையைத் தொட இயலாதவரானார். முதலில் கைத்தடி, பின்னர் காலில் இரும்புக் கட்டு, அதன் பின்னர் சக்கர நாற்காலி. உலகத்திலேயே அழகாக மட்டை சுழற்றிய கைகளால் பேனாவைப் பிடிப்பதும் அரிதாயிற்று. எனினும் தம் துன்பத்தைப் பிறரிடம் முறையிட அவர் விரும்பவில்லை. பந்து கிடக்கும் நிலையிலேயே அதனை அடித்தாக வேண்டும் என்னும் ஆட்ட விதியை வாழ்க்கைக்கும் விதியாகக் கொண்டார். 1958-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரம் அவரைத் தன் குடிமகனாக ஏற்றுக் கௌரவித்தது. 1759-இல் பெஞ்சமின் பிராங்க்ளின் பெற்ற அச்சிறப்பை அதன் பின் பெற்ற முதல் அமெரிக்கர் அவரே. 1971-ஆம் வருஷம் டிசம்பர் 18-ஆம் தேதி அட்லாண்டாவில் காலமானார்.

கோபத்திற்காக அவரை எச்சரித்த சங்கம் 1955 முதல், ஆட்டத்தில் நற்பண்பு காட்டுவோர்க்கு ஆண்டுதோறும் அளிக்கும் தன் உயர்ந்த விருதிற்கு அவர் பெயரையே இட்டு வழங்குகிறது. செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தின் பத்தாம் குழியும் அவர் பெயரால் வழங்குகிறது. அதனை முடித்து அடுத்த குழிக்குச் செல்வோர், அவர் பந்தைப் பையிற் போட்டுக்கொண்ட பதினோராம் குழியை அடைவர். தோல்வியும் கீர்த்தியும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன.

நம்மில் மிகச் சிலரே கோல்ப் மட்டையைக் கையிற் பிடிப்போம். ஆயினும் ஒவ்வொருவர்க்கும் கணக்கோ இலக்கணமோ, வீணையோ பந்தாட்டமோ, கற்க வேண்டிய வித்தை ஒன்று உண்டு. நல்லாசிரியரைக் கூர்ந்து நோக்குவோம். குறையை அறிந்து பழகுவோம். பிழை நேர்ந்தபோது மட்டையை எறியாது அடுத்த அடிக்கு ஆயத்தமாவோம். முதல் இரண்டை ஜோன்ஸ் பத்து வயதிற்குள் கற்றார். மூன்றாவதைக் கற்றபின்னரே வென்றார்.